கரிசற் சீமையில் உயிர்மீட்புக் கலை

மதுரையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் முப்பது மைலளவு தெற்கே சென்றால் எதிர்ப்படுகிற அருப்புக்கோட்டையும், அதற்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழியும், இவ்விரண்டையும் சூழ்ந்து கிடக்கிற சிற்றூர்களும் சேர்ந்த பிரதேசத்தை வானம் பார்த்த பூமி என்று வழங்குவது நெடுநாள் மரபு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாய்களில் தேக்கி வைத்துக்கொண்டு, கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் விளைவித்து, மழை பொய்த்த வருஷங்களில் தறியையும் ஆலையையும் நம்பிக் காலங்கழித்து வந்தவர்கள் இந்நாட்டு ஜனங்கள். அருப்புக்கோட்டையை நெசவுக்காகவும் நூற்பாலைகளுக்காகவும் நாடறியும். திருச்சுழியோ சுந்தரர் பாடிய தலம். 1879ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30ஆம் தேதி ரமண மகரிஷி அவதரித்த ஊர். அம்மகான் தம் பதினாறாம் பிராயத்தில், 1896ஆம் வருஷம், மதுரையில் ஒரு வீட்டு மாடியறையில் திடீரென்று மரணபயம் தோன்றியபோது, பிணம்போல் விறைத்துப் படுத்து, மூச்சையடக்கி, சாவது எது என்று தமக்குள்ளேயே விசாரித்து அறிந்த வரலாறு யாவரும் கேட்டதே. ஞானியின் விசாரணை அவ்வாறாக, சாமானிய மனிதன் ஒருவன் கண்மாய்க் கரையிலோ பம்பு செட்டுக் கொட்டகையிலோ பேச்சு மூச்சற்று விழுந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவன் செய்யத்தக்கது யாது என்பதும் விசாரணைக்குரிய விஷயந்தான். அந்த வித்தை எங்கிருந்து வந்தது, காலந்தோறும் எவ்வாறு திருத்தப்பட்டது, இந்த வறண்ட சீமையில் யார் யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

வறண்ட சீமையில் நீரில் மூழ்கிச் சாவார் உண்டா என்று ஈரநாட்டார் ஐயுறலாம். உண்மையில் ஆபத்து அங்கேதான் அதிகம். பத்து மாதம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கண்மாய் ஒரே வாரத்தில் நிரம்பிவிடும்போது, நீந்திப் பழகச் சந்தர்ப்பமே வாய்க்காத பிள்ளைகள் ஆசையோடு அதில் இறங்குகிறார்கள். வண்டல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்பது கரையில் நிற்பவனுக்கும் தெரியாது. கமலை இறைத்த காலத்தில் வெட்டிய ஆழக்கிணறுகளோ, தவறி விழுந்தவன் பற்றி ஏறுவதற்குப் பிடிப்பில்லாதவை. மரமற்ற வெட்டவெளியில் ஆடு மேய்ப்பவர்களும் களை பறிப்பவர்களும் இடிமழையில் அகப்பட்டு மின்னலுக்கு இரையாவது மற்றோர் ஆபத்து. பின்னர் மின்சாரம் வந்தது. இப்பொழுது வாலிபர்களையும் விட்டுவைக்காத மாரடைப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் பொதுவான துன்பம் ஒன்றுதான்: நிகழ்ச்சி நடக்கிற இடம் ஒன்றாகவும், வைத்தியர் இருக்கிற இடம் வேறாகவும் இருப்பது. இரத்த ஓட்டம் நின்று நான்கு நிமிஷங்களானால் மூளை கெடத் தொடங்குகிறது என்பது சரீர சாஸ்திரம். நரிக்குடிப் பக்கத்துக் காட்டிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நான்கு நிமிஷத்தில் போய்ச் சேர எந்த வாகனத்தாலும் இயலாது.

உயிர்மீட்பு என்கிற எண்ணம் மேல்நாட்டார் நமக்குக் கொண்டுவந்து தந்தது என்று கருதுவது பிழை. சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில், உடலில் புகுந்த அந்நியப் பொருள்களை நீக்கும் உபாயங்களைச் சொல்கிற 27ஆம் அத்தியாயத்தில், நீரால் வயிறு நிறைந்தவனைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தவும், உலுக்கவும், வாந்தியெடுக்கச் செய்யவும், அல்லது முகமளவும் சாம்பற் குவியலில் புதைத்து வைக்கவும் விதி காணப்படுகிறது. சரக சம்ஹிதையோ, பிறந்தவுடன் அசைவற்றிருக்கும் சிசுவின் காதருகே கற்களைத் தட்டி ஓசையெழுப்பவும், முகத்தில் தண்ணீரோ வெந்நீரோ தெளிக்கவும், முறத்தால் விசிறவும் சொல்கிறது. இந்நூல்களின் பெயரையே கேட்டறியாத நம் கிராமத்தார், நீரிலிருந்து எடுத்த பிள்ளையைக் காலைப் பற்றித் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தலைக்குமேல் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரைக் கக்க வைப்பதும் பரம்பரையாகக் கைக்கொண்டு வந்த பழக்கங்கள். சாஸ்திரமும் வழக்கமும் இவ்விடத்தில் ஒன்றையே சொல்கின்றன: உள்ளே போன நீரை வெளியேற்றினால் போன உயிர் திரும்பும் என்பது. நுரையீரலுக்கு வேண்டியது காற்று என்பதும், வயிற்று நீரை வெளியேற்றுவதில் கழிகிற ஒவ்வொரு கணமும் நஷ்டமே என்பதும், கக்கிய நீர் மூச்சுக்குழலில் புகுந்து மேலும் கேடு செய்யக்கூடும் என்பதும் பிற்கால ஆராய்ச்சி கண்ட உண்மைகள். ஆயினும் முன்னோரை நகைப்பதற்கு இதில் இடமில்லை. மூச்சு நின்றவனை முடிந்துபோனவனென்று கைவிடாமல், அவன் உடலோடு போராட வேண்டும் என்கிற துணிவு அவர்களிடமிருந்தது.

ஐரோப்பாவிலும் ஆரம்பம் இத்தகையதே. கால்வாய்கள் மலிந்த ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 1767ஆம் வருஷம் நீரில் மூழ்கியவர்களை மீட்பதற்கென ஒரு சங்கம் நிறுவினார்கள்; அதைக் கண்டு 1774இல் லண்டனில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்னும் இரு வைத்தியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். உடலை வெப்பப்படுத்துவது, வாயில் வாய் வைத்து ஊதுவது, புகையிலைப் புகையைக் குதத்தின் வழியே செலுத்துவது ஆகிய யாவும் அக்காலத்தில் சமமான மதிப்புப் பெற்றிருந்தன. சுசுருதர் சொன்ன சாம்பற் குவியலுக்கும் ஆம்ஸ்டர்டாம்காரர் சொன்ன வெப்பப்படுத்தலுக்கும் கருத்தளவில் அதிக தூரமில்லை. 1732ஆம் வருஷத்திலேயே ஸ்காட்லாந்தில் வில்லியம் டாசக் என்னும் வைத்தியர், சுரங்கத்தில் புகையால் மூச்சடைத்துக் கிடந்த ஒரு தொழிலாளியை வாய்வழி ஊதிப் பிழைக்க வைத்து, அதை 1744இல் எழுதியும் வெளியிட்டிருந்தார். எனினும் பிராணவாயு கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், ஒருவர் வெளிவிட்ட காற்று மற்றொருவருக்கு உதவாதென்று அறிஞர்கள் தீர்மானித்துவிட்டபடியாலும், அயலான் வாயில் வாய் வைப்பதில் இயல்பாக எழுகிற அருவருப்பாலும், அந்நல்ல முறை கைவிடப்பட்டு அதனிடத்தில் துருத்தி வந்தது. அரைகுறையான புது அறிவு, அனுபவம் கண்ட பழைய உண்மையை ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் மறைத்து வைத்த விந்தையான சம்பவம் இது.

அந்த இடைக்காலத்தில்தான் கைகளால் மார்பையும் முதுகையும் இயக்கிச் சுவாசம் உண்டாக்கும் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1856இல் மார்ஷல் ஹால், மூழ்கியவனைக் குப்புறவும் பக்கவாட்டிலும் மாறி மாறிப் புரட்டச் சொன்னார்; 1858இல் சில்வெஸ்டர், மல்லாக்கக் கிடத்திக் கைகளைத் தலைக்குமேல் இழுத்துப் பின் மார்போடு அழுத்தச் சொன்னார்; 1903இல் ஷேபர், குப்புறப் படுக்கவைத்துக் கீழ்விலாவை அழுத்தச் சொன்னார்; 1932இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் நீல்சன், குப்புறக் கிடப்பவனின் முதுகை அழுத்தி முழங்கைகளைத் தூக்கச் சொன்னார். செயற்கைச் சுவாசம் என்ற பெயரால் நம் தாத்தாக்கள் காலத்துப் பள்ளிச் சாரணர்களும், போலீஸ் பயிற்சியாளர்களும், ரயில்வே ஊழியர்களும் கற்றவை இம்முறைகளே. 1877இல் இங்கிலாந்தில் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் வகுப்புகளும், 1920ஆம் வருஷத்துச் சட்டத்தால் அமைந்த இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் இந்நாட்டில் முதலுதவிக் கல்வியைப் பரப்பிய ஸ்தாபனங்கள். அவற்றின் பாடம் முதலில் சென்றடைந்தது பட்டணங்களையும் சீருடை அணிந்தவர்களையுமே. கரிசற் காட்டு விவசாயிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

அவ்வித்தை இச்சீமைக்குள் காலடி வைத்த வழி ஆலையின் வழியாகும். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டுமென்றும், அப்பெட்டி முதலுதவியில் அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் உள்ளவர் பொறுப்பில் இருக்க வேண்டுமென்றும், 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் சிகிச்சை அறையே அமைக்க வேண்டுமென்றும் விதித்தது. பின்னர் 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளின் 44ஆம் விதி, மின்னதிர்ச்சிக்கு ஆளானவரை உயிர்ப்பிக்கும் முறையை அந்தந்த வட்டார பாஷையிலும் எழுதி ஆலைகளிலும் துணைமின் நிலையங்களிலும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டுமென்று கட்டளையிட்டது. குப்புறக் கிடக்கிற ஒருவன்மீது மற்றொருவன் மண்டியிட்டு அழுத்துகிற படங்களும், அவற்றின் கீழே பொடி எழுத்தில் தமிழ் விளக்கமும் அமைந்த அந்தப் பலகைகளை, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பஞ்சுத் தூசி படிந்த நிலையில் பார்த்திராத ஆலைத் தொழிலாளி அரிது. பலகை மாட்டியதோடு உரிமையாளர் கடமை தீர்ந்தது என்றும் அவ்விதி விட்டுவிடவில்லை. மின்சாரப் பணிக்கு அதிகாரம் பெற்ற ஊழியர்கள் அம்முறையை அறிந்திருப்பதோடு அதைச் செய்து காட்டும் திறமையும் பெற்றிருக்கும்படி உரிமையாளர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் அதே விதி சொல்லிற்று. மாட்டுவது சுலபம், பழக்குவது கஷ்டம். ஆதலால் விதியின் முற்பகுதி நிறைவேறிய அளவுக்குப் பிற்பகுதி எங்கும் நிறைவேறிற்று என்று துணிந்து சொல்வதற்கில்லை.

ஆலைச் சுவருக்குள் பலகையாவது இருந்தது. மின்சாரமோ சுவரைத் தாண்டி வயலுக்குப் போயிற்று. கமலை மாடுகள் ஓய்வு பெற்று, கிணற்று மேட்டில் பம்பு செட்டுக் கொட்டகைகள் எழுந்தபோது, ஈரக்கையும் வெறுங்காலுமாக மோட்டாரை முடுக்குகிற குடியானவன் ஒவ்வொருவனும் ஆலைத் தொழிலாளிக்கு நேரக்கூடிய அதே அபாயத்துக்கு ஆளானான். அவனுக்கு முதலுதவிப் பெட்டியுமில்லை, சான்றிதழ் பெற்ற துணைவனுமில்லை, கொட்டகைச் சுவரில் பலகையுமில்லை. ‘கரண்டு இழுத்துருச்சு’ என்ற கூக்குரல் கேட்டு ஓடி வருகிறவர்கள், மெயின் சுவிட்சை நிறுத்தாமலே தொட்டுத் தாங்களும் வீழ்வதும், நிறுத்திய பிறகு கிடப்பவனின் உள்ளங்காலைத் தேய்த்தும், முகத்தில் சோடாவைத் தெளித்தும், வாயில் தண்ணீர் ஊற்றியும் காத்திருப்பதும் இந்நாட்டில் நெடுங்காலம் நடந்து வந்திருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு விசேஷத்தைக் குறிப்பிட வேண்டும். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிற சி.பி.ஆர். என்னும் முறை பிறந்ததற்கும் மின்சாரமே காரணம். அமெரிக்காவில் கம்பங்களில் ஏறி வேலை செய்யும் லைன்மேன்கள் அடிக்கடி மாண்டு போவதைக் கண்டு கவலையுற்ற மின்சாரக் கம்பெனிகள் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தன. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவர்களுள் முதன்மையானவரான வில்லியம் கௌவன்ஹோவன் வைத்தியரல்லர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் மின்பொறியியல் பேராசிரியர். மார்பைத் திறக்காமலே மின்னதிர்வு கொடுத்து இருதயத்தைச் சீராக்கும் கருவியை நாய்களிடம் பரிசோதிக்கையில், அக்கருவியின் கனமான தகடுகளை மார்பின்மீது அழுத்திய மாத்திரத்தில் இரத்த அழுத்தம் சற்றே உயர்வதை அவருடைய துணைவர் கய் நிக்கர்பாக்கர் 1958இல் கவனித்தார். மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே, வெறும் அழுத்தத்தால் இரத்தம் ஓடுகிறதே என்று வியந்து, ஜேம்ஸ் ஜூட் என்னும் சத்திர வைத்தியரையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாக, 1960ஆம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், மார்பைக் கிழிக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே 20 நோயாளிகளில் 14 பேரைப் பிழைக்க வைத்த செய்தி வெளியாயிற்று. இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம், இரண்டு கைகள் போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அதே காலத்தில் ஜேம்ஸ் எலாம், பீட்டர் சாபர் என்னும் இரு மயக்கவியல் வைத்தியர்கள், வெளிவிடும் மூச்சிலும் நூற்றுக்குப் பதினாறு பங்களவு பிராணவாயு எஞ்சியிருப்பதையும், அது மற்றோர் உயிரைத் தாங்கப் போதுமானதென்பதையும், ஷேபர், ஹோல்கர் நீல்சன் முறைகளைவிட வாய்வழி ஊதுவதே மேலானதென்பதையும் ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தார்கள். மருத்துவம் பயிலாத சாமானியர்களைக் கொண்டே சாபர் இதைச் செய்து காட்டியது குறிப்பிடத்தக்கது. இருநூறு வருஷத்துக்கு முன் டாசக் செய்தது சரிதான் என்று தெளிந்தது. ஊதுவதும் அழுத்துவதும் ஒன்றாக இணைந்தன. மனித உடல்மீது பழகக் கூடாதபடியால், நார்வே தேசத்து ஸ்டவாங்கர் ஊரில் பொம்மைகள் செய்து வந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் ஆளுருவப் பொம்மை ஒன்றைச் செய்து, பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்தவளெனச் சொல்லப்படுகிற பெயரறியா யுவதியின் முகத்தை அதற்குப் பொருத்தினார். பயிற்சியாளர்கள் இன்றும் அதன்மீது குனிந்தே பழகுகிறார்கள்.

புதிய முறை நம் கிராமங்களுக்கு வந்தபோது ஐரோப்பாவில் கண்டதைவிடக் கடுமையான தடை ஒன்று இங்கே காத்திருந்தது. எச்சில் என்றால் கூசுவதும், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்று சாதி பார்ப்பதும் வேரூன்றிய சமூகத்தில், யார் வாயில் யார் வாய் வைப்பது? அந்நிய ஆடவன் ஒரு ஸ்திரீயின் மார்பில் கை வைக்கலாமா? வெளிப்படையாக ஒருவரும் கேட்கத் துணியாத இக்கேள்விகள், வகுப்பில் கற்றவனையும் சமயத்தில் கைகட்டி நிற்க வைக்கும் வலிமையுடையவை. இத்தகைய கூச்சம் ஓரளவு எல்லாத் தேசங்களிலும் உண்டென்பதாலும், தயங்கி நிற்பதைவிட அழுத்துவது மட்டுமாவது செய்வது பன்மடங்கு நன்றென்பதாலும், 2008ஆம் வருஷத்திலிருந்து, வளர்ந்தவர் திடீரென்று வீழ்ந்தால் பழக்கமில்லாதவர்கள் கையால் அழுத்துவது மட்டுமே போதுமென்று அமெரிக்க இருதயச் சங்கம் அறிவுறுத்தியது. நம் நாட்டு மயக்கவியல் வைத்தியர்களின் முயற்சியால் அமைந்த இந்திய உயிர்மீட்புக் கவுன்சிலும் 2017இல் பாமர ஜனங்களுக்கென அழுத்தம் மட்டுமே கொண்ட முறையை வகுத்தளித்தது. ஆனால் நீரில் மூழ்கியவனுக்கும் சிறு குழந்தைக்கும் மூச்சே முதலில் தேவை. கண்மாயும் கிணறும் நிறைந்த இந்நாட்டில் ஊதுதலைப் பாடத்திலிருந்து அறவே நீக்கிவிடுவது தகாது. முகத்தில் ஒரு துணியையோ, கிடைத்தால் முகமூடியையோ இட்டுக்கொண்டு ஊதக் கற்பித்தால் எச்சிலுக்கு அஞ்சுவானேன்? சாதிக்கு அஞ்சுகிறவனுக்குக் கற்பிக்க வேண்டிய பாடம் வேறு.

கடந்த சில வருஷங்களில் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008ஆம் வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, பயிற்சி பெற்ற ஓர் உதவியாளரை வண்டியிலேயே ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பியது. 2022 ஜனவரியில் அருப்புக்கோட்டைக்கு அணித்தேயுள்ள விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. விபத்தில் உதவியவனைச் சாட்சி சொல்ல அலைக்கழிக்கக் கூடாதென்னும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலிமையளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. ‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்கி நிற்பதற்குச் சாலை விபத்தைப் பொறுத்தவரை இனிச் சட்டத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. 2023ஆம் வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் தேசமெங்கும் ஒரே நாளில் சி.பி.ஆர். பயிற்சி நடத்தியதும் இவ்வரிசையில் சேர்க்கத்தக்கது.

வகுப்பு நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒருநாள் கூட்டத்தில் பேசிக் கைதட்டி முடிப்பதால் இவ்வித்தை வராது. ஒவ்வொருவரும் பொம்மைமீது மண்டியிட்டு, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடியை ஊன்றி, முழங்கை மடங்காமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தி, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பின் மார்பு முழுதும் எழும்ப இடங்கொடுத்துப் பழக வேண்டும். முதன்முறை பழகுகிறவர் வயிற்றை அழுத்துவார். விலா முறிந்துவிடுமோ என்று மெல்லத் தொடுவார். பத்து அழுத்தத்துக்கொருமுறை நிறுத்தி உயிர் வந்ததா என்று பார்ப்பார். இரண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடுமென்பது செய்து பார்த்தவருக்கே தெரியும். ஆள் மாற்றிக்கொள்ளும் முறையும் அதனாலேயே பாடத்தில் சேர்ந்தது. ஊர் வழக்கில் ‘இழுத்துக்கிட்டுக் கிடக்கு’ என்று சொல்லி, பால் ஊற்ற உறவினரை அழைக்கிற அந்தக் கடைசி மூச்சிழுப்பு சுவாசமன்று, இருதயம் நின்றதன் அறிகுறியாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதை அழுத்தந்திருத்தமாகச் சொல்ல வேண்டும். மின்சாரமென்றால் முதலில் சுவிட்ச், பிறகே ஆள் என்பதையும், மின்னல் தாக்கியவன் உடலில் மின்சாரம் தங்கியிராது, உடனே தொடலாம் என்பதையும், பலர் ஒருங்கே வீழ்ந்தால் முனகுகிறவனை விட்டு மூச்சற்றவனிடமே முதலில் ஓட வேண்டும் என்பதையும் கரிசற் காட்டு வகுப்பில் சொல்லாமல் விடலாகாது.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் புலனாவது ஒன்றுண்டு. எந்த முறையும் நிரந்தரமாக நிலைக்கவில்லை. சாம்பலும் துருத்தியும் புகையிலையும் குப்புறப் புரட்டலும் வந்து போயின. அடுத்த தலைமுறை இன்றைய எண்களையும் திருத்தக்கூடும். திருந்தாமல் நின்றது, யார் கற்க வேண்டும் என்பதைப் பற்றி நாம் கொண்ட குறுகிய அபிப்பிராயமே. வைத்தியருக்குப் பின் சீருடைக்காரர், அவருக்குப் பின் ஆலையில் சான்றிதழ் பெற்ற ஒருவர் என்று அறிவு படிப்படியாக இறங்கி வந்து, கிணற்று மேட்டுக்கு வருமுன் நின்றுவிட்டது. விழுகிறவனுக்குப் பக்கத்தில் நிற்பவள் பெரும்பாலும் அவன் மனைவியோ மகளோ, சேர்ந்து களையெடுக்கிறவளோதான். ஆகவே திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும், நூறு நாள் வேலைக்குக் கண்மாயில் கூடுகிற பெண்களுக்கும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வருஷத்துக்கொருமுறை இவ்வித்தையைக் கைப்பழக்கமாகவே கற்பிக்க, விருதுநகர் மருத்துவக் கல்லூரியும் ஊராட்சிகளும் ஆலை நிர்வாகங்களும் ஒன்றுகூட வேண்டும். ஊருக்கு ஒரு பொம்மை வாங்குவதற்கு ஆகிற செலவு, ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவுக்கு மிகாது; இந்த வருஷமே தொடங்கலாம்.